ஏபிஎஸ் சத்தமும் மஞ்சள் விளக்கும்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் நம்மகிட்ட என்ன சொல்லுது?

இன்னைக்கு நாம பேசப்போறது டாஷ்போர்டுல இருக்கிற ஒரு சின்ன மஞ்சள் விளக்கைப் பத்தி. ஒரு வட்டம், அதுக்கு ரெண்டு பக்கமும் வளைஞ்ச கோடு, நடுவுல ஏபிஎஸ்னு மூணு எழுத்து. இருபது, முப்பது வருஷப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கிறவங்களுக்கு இந்த விளக்கு ரொம்பப் பழக்கமான விருந்தாளி. அழைக்காமலே வரும், சொல்லாமலே போகும், சில நேரம் வந்து நிரந்தரமா உட்கார்ந்துடும்.

இதுல ஒரு வினோதம் என்னன்னா, இந்த விளக்கு எரியும்போது கார் வழக்கம்போலதான் நிக்கும். பெடல் அதே கெட்டியா இருக்கும், சிக்னல்ல அழகா நிக்கும். அதனால ஓட்டுறவங்க, "பிரேக் பிடிக்குதே, அப்புறம் என்ன?"ன்னு விட்டுடுறாங்க. ஆனா அதே ஆளுங்க, மழையில திடீர்னு பிரேக் அடிக்கும்போது பெடலுக்குக் கீழ "குர்ர்"னு ஒரு சத்தம் வந்தா பதறிப்போய் காலை எடுத்துடுறாங்க.

ஆக, சத்தம் வந்தா பயப்படுறோம், விளக்கு எரிஞ்சா கண்டுக்காம விட்டுடுறோம். பெரும்பாலும் இது தலைகீழா இருக்கணும். இந்த எபிசோட்ல நான் சொல்லப்போறது இதுதான்: எந்தச் சத்தம் ஆரோக்கியம், எந்தச் சத்தம் நோய், விளக்கு எரியும்போது நாம உண்மையில எதை இழந்திருக்கோம்.

முதல்ல, இது என்ன வேலை செய்யுது?

சக்கரம் உருண்டுக்கிட்டு இருக்கிற வரைக்கும்தான் ஸ்டீயரிங் உங்க பேச்சைக் கேக்கும். பிரேக் அழுத்தி சக்கரம் முழுசா நின்னு, டயர் ரோட்டுல வழுக்க ஆரம்பிச்சிடுச்சுன்னா, நீங்க ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேராதான் போகும். ஏபிஎஸ் அந்த நிலைமை வராம பாத்துக்குது. ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்துலயும் பல்லு வெட்டின ஒரு வளையம் இருக்கும். அதுக்கு எதிர்ல ஒரு சென்சார். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி பொதுவா ஒரு மில்லிமீட்டர் அளவுதான், பல கார்கள்ல அதைவிடக் குறைவு. சென்சார் பல்லை எண்ணி, சக்கரம் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஒரு சக்கரம் மட்டும் மத்ததைவிடச் சட்டுனு வேகம் குறைஞ்சா, அது லாக் ஆகப்போகுதுன்னு அர்த்தம். உடனே வால்வுகள் திறந்து மூடி, அந்தச் சக்கரத்துக்குப் போற பிரேக் அழுத்தத்தை விட்டு விட்டுக் கொடுக்கும், ஒரு நொடிக்குள்ளயே பல தடவை.

கார்கள்ல இந்த எண்ணம் ரொம்பப் பழசு. 1966-ல இங்கிலாந்துல வந்த ஜென்சன் எஃப்எஃப் கார்ல, விமானத்துக்காக உருவாக்கின டன்லப் மாக்ஸரெட்ங்கிற மெக்கானிக்கல் அமைப்பு இருந்தது. நாம இன்னைக்குச் சொல்ற எலக்ட்ரானிக் ஏபிஎஸ், 1978-ல பாஷ் நிறுவனம் உருவாக்கி மெர்சிடிஸ் எஸ் கிளாஸ்ல வந்தது. 1986 மாடல்ல இருந்து ஷெவர்லே கார்வெட்ல அதை ஸ்டாண்டர்டாவே கொடுத்தாங்க. 1990-கள்ல வந்த நல்ல ஸ்போர்ட்ஸ் கார்கள் பலதுலயும் ஏபிஎஸ் இருக்கும். இன்னைக்கு அந்த எலக்ட்ரானிக்ஸுக்கு வயசு முப்பது. பிரச்சனை ஆரம்பிக்கிற வயசு.

பயப்படத் தேவையில்லாத சத்தங்கள்

மூணு சொல்றேன்.

ஒண்ணு, கிளம்பும்போது வர்ற சத்தம். சாவி போட்டதும் விளக்கு எரிஞ்சு சில நொடியில அணையும். அது பல்ப் சோதனை, எலக்ட்ரிக்கல் சோதனை. அப்புறம் வண்டி நகர ஆரம்பிச்சு கொஞ்சம் வேகம் எடுத்ததும், முன்பக்கத்துல இருந்து "டக்"னோ "விர்ர்"னோ ஒரே ஒரு தடவை சத்தம் கேக்கலாம். அந்த நேரத்துல கால் பிரேக்ல இருந்தா, பெடல் லேசா உதைக்கிற மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் தன்னோட பம்ப்பையும் வால்வையும் ஒருதடவை இயக்கிப் பாக்குது, அவ்வளவுதான். புதுசா பழைய கார் வாங்கினவங்க இதைக் கேட்டு கீழ ஏதோ உடைஞ்சிடுச்சுன்னு மெக்கானிக்கிட்ட ஓடுவாங்க. ஒரு பயணத்துக்கு ஒரு தடவைதான் வருதுன்னா கவலைப்படாதீங்க.

ரெண்டு, அவசர பிரேக்ல வர்ற சத்தம். ஈர ரோடு, மணல், உதிரிக் கல். முழு பலத்தோட மிதிக்கிறீங்க. பெடல் காலுக்கு அடியில துடிக்குது, கரகரன்னு அரைக்கிற மாதிரி சத்தம். பழைய அமைப்புகள்ல இந்தத் துடிப்பு இன்னைக்கு வர்ற கார்களைவிட முரட்டுத்தனமா இருக்கும். இந்த நேரத்துல செய்யவே கூடாதது காலை எடுக்கிறது. பழைய பழக்கத்துல விட்டு விட்டு மிதிக்கிறதும் வேண்டாம், அந்த வேலையைத்தான் வண்டி உங்களைவிட வேகமா செஞ்சுக்கிட்டு இருக்கு. அழுத்திப் பிடிச்சுக்கிட்டே எங்க போகணுமோ அங்க ஸ்டீயரிங்கைத் திருப்புங்க. அதுக்காகத்தான் இந்த மொத்த அமைப்புமே.

மூணு, பம்ப்போட முனகல். இதுக்குத்தான் ஒரு தனிக் கதை இருக்கு.

என்எஸ்எக்ஸ்: விளக்குக்கு முன்னாடியே பேசுற கார்

1990-ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. முழுக்க அலுமினியத்துல செஞ்ச மோனோகாக் பாடி, நடுவுல 3.0 லிட்டர் வி6 இன்ஜின். டெவலப்மென்ட் நேரத்துல அயர்டன் சென்னா ஓட்டிப் பாத்து கருத்து சொன்ன கார். அமெரிக்காவுல இது அக்யூரா பேர்ல வித்தது. 2005 வரைக்கும் தயாரிச்சாங்க.

இதோட ஆரம்பகால ஏபிஎஸ், பாஷ் வகையில இருந்து வேற மாதிரி. பாஷ் அமைப்புல ஏபிஎஸ் வேலை செய்யும்போது மட்டும்தான் பம்ப் ஓடும். என்எஸ்எக்ஸ்ல, பிரேக் ஆயிலை முன்கூட்டியே மிக அதிக அழுத்தத்துல சேமிச்சு வைக்க ஒரு அக்யூமுலேட்டர் இருக்கு. உள்ள ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, இன்னொரு பக்கம் ஆயில். தேவைப்படும்போது இந்தச் சேமிப்புல இருந்து அழுத்தம் கிடைக்கும். மாடியில இருக்கிற தண்ணித் தொட்டி மாதிரி நினைச்சுக்கோங்க. தொட்டியில அளவு குறைஞ்சா மோட்டார் ஓடி நிரப்பும், நிரம்பினா நின்னுடும்.

இப்போ வீட்டுல யாரும் குழாயே திறக்கல, ஆனா மோட்டார் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை தானா ஓடுதுன்னா என்ன அர்த்தம்? எங்கயோ ஒழுகுது. என்எஸ்எக்ஸ்லயும் அதேதான். வண்டி கிளம்பினதும் பம்ப் கொஞ்ச நேரம் ஓடி நிக்கிறது சாதாரணம். ஆனா ஏபிஎஸ் வேலை செய்யவே இல்லாத ஒரு சாதாரணப் பயணத்துல, முன்பக்கம் இருந்து அந்த முனகல் அடிக்கடி கேட்டா, உள்ள இருக்கிற சொலினாய்டு வால்வு சரியா மூடாம அழுத்தம் கசியுது. வெளிய ஒரு சொட்டு ஆயிலும் தரையில விழாது. கசிவு உள்ளுக்குள்ளயே நடக்கும். கடைசியில ஒருநாள் பம்ப் ரொம்ப நேரம் ஓடியும் அழுத்தம் ஏறலன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். அப்போதான் விளக்கு எரியும்.

யோசிச்சுப் பாருங்க, விளக்கு எரியறதுக்கு மாசக்கணக்குல முன்னாடியே அந்த கார் சத்தத்தால சொல்லிக்கிட்டுதான் இருந்திருக்கு. ரேடியோவை அணைச்சு, ஜன்னலை இறக்கி, பம்ப் எவ்வளவு நேரத்துக்கு ஒருதடவை ஓடுதுன்னு எண்ணினாலே போதும். இதுக்கு எந்த ஸ்கேனரும் வேண்டாம்.

ஏன் வால்வு கசியுது? பெரும்பாலும் பழைய பிரேக் ஆயில். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். வருஷக்கணக்குல மாத்தாம விட்டா உள்ள துரு, கசடு சேரும். வால்வு உக்கார்ற இடத்துல ஒரு சின்னத் துகள் மாட்டினா போதும். அதுவும் ஸ்போர்ட்ஸ் கார் வருஷத்துல பாதி நாள் கவர் போட்டு நிக்கிற வண்டி. ஏபிஎஸ் வேலை செய்ற மாதிரி யாரும் பிரேக் அடிக்கிறதும் இல்ல. அதனால அந்த வால்வுகள் அசையாமலே கிடக்கு. நாலு காலிபர்லயும் வழக்கமா ஆயில் மாத்தினாலும் ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள இருக்கிற பழைய ஆயில் அப்படியே தங்கிடும். என்எஸ்எக்ஸ்ல அந்த யூனிட்டுக்குத் தனி ஆயில் டப்பாவே இருக்கு. பானட்டைத் திறந்து மெயின் டப்பாவை மட்டும் பாத்து "ஆயில் சுத்தமா இருக்கு"ன்னு சொல்றவங்க இன்னொரு டப்பாவைப் பாக்கவே மாட்டாங்க.

இங்க ஒரு எச்சரிக்கை. அந்த அக்யூமுலேட்டர்ல இருக்கிறது சாதாரண அழுத்தம் இல்ல. அதைத் திறக்கிறதுக்குன்னே தனி டூல் இருக்கு. யூடியூப் பாத்துட்டு சாதாரண ஸ்பானரால திறந்தா ஆயில் ஊசி மாதிரி பீச்சி அடிக்கும், கண்ணுக்கே ஆபத்து. இது பழக்கப்பட்ட மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. ஆயிலை மாத்தி, சொலினாய்டுகளைப் பல தடவை இயக்கி உள்ள இருக்கிற கசடை வெளியேத்தினா பல வண்டிகள் சரியாயிடுது. சரியாகலன்னா யூனிட்டையே மாத்தணும். சிலர் பழைய யூனிட்டை எடுத்துட்டு, பிற்காலத்து ஹோண்டாவோட சின்ன யூனிட்டைப் பொருத்திக்கிறாங்க.

கவலைப்பட வேண்டிய சத்தம்

இப்போ இன்னொரு காட்சி. நல்ல காய்ஞ்ச ரோடு. சிக்னல் வருது, மெதுவா பிரேக் அழுத்துறீங்க. வண்டி கிட்டத்தட்ட நிக்கப்போகுது, கடைசி சில அடி. திடீர்னு பெடல் துடிக்குது, கரகரன்னு சத்தம், வண்டி கொஞ்சம் முன்னாடி உருண்டு போய் நிக்குது. விளக்கு எதுவும் எரியல.

இதுதான் இருக்கறதுலயே ஆபத்தான சத்தம். ஏபிஎஸ் தேவையே இல்லாத இடத்துல வேலை செய்யுது. அதாவது நீங்க அழுத்துற பிரேக்கை அது விடுவிக்குது. முன்னாடி ஒரு குழந்தை நடந்துபோயிட்டு இருந்தா அந்தக் கடைசி சில அடிதான் எல்லாமே.

ஏன் மெதுவான வேகத்துல மட்டும் இப்படி ஆகுது? அந்தக் காலத்து சென்சார்ல இருக்கிறது ஒரு காந்தமும் கம்பிச் சுருளும். பல்லு வேகமா கடந்துபோனா அதிக மின்னழுத்தம், மெதுவா கடந்துபோனா குறைவு. சென்சார் உக்கார்ற இடத்துல துரு ஏறி அதைக் கொஞ்சம் வெளிய தள்ளிடுச்சுன்னு வைங்க. வேகமா போகும்போது சிக்னல் எப்படியோ கிடைச்சிடும். மெதுவாகும்போது முதல்ல அந்த ஒரு சக்கரத்தோட சிக்னல்தான் காணாம போகும். "ஐயோ, ஒரு சக்கரம் நின்னுடுச்சே"ன்னு நினைச்சு கம்ப்யூட்டர் பிரேக்கை விடும். பல்லு வளையத்துல விரிசல் விட்டாலும் இதே கதை. விரிசல் இருக்கிற இடத்துல மட்டும் ரெண்டு பல்லுக்கு நடுவுல இடைவெளி அதிகமாயிடும், ஒவ்வொரு சுத்துக்கும் வேகம் ஒருதடவை குறையற மாதிரி கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

மூணாவது காரணம் வீல் பேரிங். 1997-ல வந்த சி5 கார்வெட்ல சென்சார் சக்கர ஹப்புக்குள்ளயே இருக்கு. பேரிங் தேய்ஞ்சு ஆட்டம் கொடுத்தா, வேகமா வளைவுல திரும்பும்போது இடைவெளி மாறி சிக்னல் அறுந்துபோகும். நேரா ஓட்டும்போது ஒண்ணும் இல்ல, வளைவுல மட்டும் விளக்கு வருதுன்னா கம்ப்யூட்டரைத் திட்டுறதுக்கு முன்னாடி பேரிங்கைப் பாருங்க.

டயரும் ஒரு காரணம். முதல் என்எஸ்எக்ஸ்ல முன்னாடி 205/50 ஆர்15, பின்னாடி 225/50 ஆர்16. கணக்குப் போட்டா முன் டயர் விட்டம் சுமார் 586 மில்லிமீட்டர், பின் டயர் சுமார் 631. அதாவது நேரா ஓட்டும்போதே முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட கிட்டத்தட்ட 8 சதவீதம் அதிகமா சுத்தும். கம்ப்யூட்டருக்கு அந்த விகிதம் தெரியும். அழகுக்காக நாலு பக்கமும் வேற அளவு வீல் மாட்டி அந்த விகிதத்தைக் கெடுத்தா, எந்தச் சக்கரமும் வழுக்காமலே வழுக்குதுன்னு அது முடிவு பண்ணும். முதல்ல டிராக்‌ஷன் கன்ட்ரோல்தான் குழம்பும். பார்ட்ஸ் எதுவும் கெட்டிருக்காது, கணக்குதான் கெட்டிருக்கும்.

எந்த விளக்கு? மஞ்சளா, சிவப்பா?

இதைக் கவனமா கேளுங்க.

மஞ்சள் மட்டும் எரிஞ்சா, ஏபிஎஸ் தன்னைத்தானே அணைச்சுக்கிச்சு. சாதாரண பிரேக் அப்படியே இருக்கு. வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகலாம், ஆனா முன்னாடி போற வண்டிக்கு அதிக இடைவெளி விட்டு. மழையில அவசரமா மிதிச்சா சக்கரம் லாக் ஆகும், ஸ்டீயரிங் பேச்சைக் கேக்காது. மிட் இன்ஜின் கார்னா பின்பக்கம் உங்களை முந்திக்கிட்டு வரவும் வாய்ப்பு உண்டு.

சிவப்பு எரிஞ்சா, முதல்ல ஹேண்ட்பிரேக் இறங்கியிருக்கான்னு பாருங்க. இறங்கியிருந்தும் எரியுதுன்னா ஆயில் குறைஞ்சிருக்கலாம், கசிவு இருக்கலாம். நிறுத்துங்க.

ரெண்டும் சேர்ந்து எரிஞ்சா, ஓட்டாதீங்க. இதுக்கு ஒரு நல்ல உதாரணம் 1986-ல வந்த ஃபோர்டு சியரா ஆர்எஸ் காஸ்வொர்த். அதுல இருந்த டெவிஸ் அமைப்புல ஏபிஎஸ்ஸும் பிரேக் பூஸ்டரும் ஒண்ணு. நம்ம கால் பலத்தைக் கூட்டித் தர்ற வேலையையும் அதே எலக்ட்ரிக் பம்ப்பும் அக்யூமுலேட்டரும்தான் செய்யுது. பின் பிரேக்குக்கான அழுத்தமும் அங்க இருந்துதான் வருது. பம்ப் செத்தா அக்யூமுலேட்டர்ல மிச்சம் இருக்கிற கொஞ்ச மிதிதான். அதுக்கப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆகும், பின் பிரேக் போயிடும், முன் பிரேக்கை மட்டும் வெறும் கால் பலத்துல பிடிக்கணும். "ஏபிஎஸ் விளக்குதானே, அப்புறம் பாத்துக்கலாம்"னு பொதுவா சொல்ற அறிவுரை இந்த கார்ல உயிருக்கே உலை வைக்கும். அதனாலதான் உங்க கார்ல எந்த வகை அமைப்புன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும்.

கொஞ்சம் பிற்காலத்து கார்கள்லயும் இந்த ரெண்டு விளக்கும் சேர்ந்து வரலாம். முன் பின் சக்கரத்துக்கு பிரேக் பலத்தைப் பிரிச்சுக் கொடுக்கிற வேலையையும் ஏபிஎஸ் கம்ப்யூட்டரே செய்ற கார்கள் அது. அந்த வேலையும் நின்னா, பலமா மிதிக்கும்போது பின் சக்கரம் முதல்ல லாக் ஆகி வண்டி சுத்திடலாம்.

கார் இல்லாதவங்களுக்கும் இது பொருந்தும். இந்தியாவுல 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக் எல்லாத்துக்கும் ஏபிஎஸ் கட்டாயம். உங்க பைக்ல சாவி போட்டதும் அந்த விளக்கு எரியும், கொஞ்ச தூரம் நகர்ந்ததும் அணையும். சோதனை நல்லபடியா முடிஞ்சதுன்னு அர்த்தம். நகர்ந்தும் அணையலன்னா, அல்லது சாவி போட்டதும் எரியவே இல்லன்னா, சர்வீஸ்ல சொல்லுங்க.

எங்க இருந்து தேட ஆரம்பிக்கணும்?

நிறைய பேர் நேரா விலை உயர்ந்த கம்ப்யூட்டர் பாக்ஸைச் சந்தேகப்படுவாங்க. நீங்க மலிவுல இருந்து ஆரம்பிங்க.

முதல்ல பேட்டரி. மின்னழுத்தம் குறைஞ்சா ஏபிஎஸ் கம்ப்யூட்டர் தன்னை அணைச்சுக்கும். வாரக்கணக்குல நின்ன கார்ல ஸ்டார்ட் பண்ணினதும் விளக்கு வந்து, அடுத்த தடவை வரலன்னா இதுவா இருக்கலாம். அப்புறம் பியூஸ், எர்த் கனெக்‌ஷன். அப்புறம் டயர் அளவு, காத்து. அப்புறம் ஆயில். அப்புறம் சென்சார் வயர். சக்கரம் திரும்பத் திரும்ப அந்த வயரும் வளைஞ்சு நிமிர்ந்து முப்பது வருஷம் ஆச்சு. வெளிய ரப்பர் நல்லா இருக்கும், உள்ள கம்பி அறுந்திருக்கும். அதுக்கப்புறம் வளையம், பேரிங். கடைசியா கம்ப்யூட்டர்.

கோட் படிக்கிறதுக்கு ஒரு விஷயம். கடையில மலிவா கிடைக்கிற ஓபிடி ரீடர் பலது இன்ஜின் கோடை மட்டும்தான் படிக்கும், ஏபிஎஸ் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது. "ஸ்கேன் பண்ணினேன், ஒண்ணும் இல்ல"ங்கிறதை நம்பிடாதீங்க. 1990-கள்ல வந்த டொயோட்டா மாதிரி பல ஜப்பான் கார்கள்ல, சோதனை கனெக்டர்ல குறிப்பிட்ட ரெண்டு முனையை இணைச்சா விளக்கே விட்டு விட்டு எரிஞ்சு கோடைச் சொல்லும். எத்தனை தடவை மினுக்குதுன்னு எண்ணி சர்வீஸ் புத்தகத்துல பாத்துக்கலாம். எந்த ரெண்டு முனைன்னு உறுதியா தெரியாம மட்டும் இணைக்காதீங்க. சி5 கார்வெட் இன்னும் ஒரு படி மேல. டாஷ்போர்டு பட்டனை அழுத்தியே திரையில கோடைப் படிக்கலாம்.

அந்த சி5 கார்வெட்ல ரொம்பப் பிரபலமான கோட் ஒண்ணு உண்டு, சி1214. ஏபிஎஸ் ரிலேவுக்குப் போற மின்பாதை அறுந்திருக்குங்கிறது அதோட அர்த்தம். பல தடவை காரணம், பாக்ஸுக்குள்ள இருக்கிற சால்டரிங்ல முடி அளவு விரிசல். வருஷக்கணக்கான சூடும் அதிர்வும் செய்ற வேலை. புது பாக்ஸ் கிடைக்கிறது கஷ்டம், ஆனா உள்ள திறந்து மறுபடி சால்டரிங் பண்ணித் தர்றவங்க இருக்காங்க. பழைய காரை வெச்சுக்கிறதுன்னாலே இதுதான். பார்ட்ஸ் மாத்துற மெக்கானிக் போதாது, ரிப்பேர் பண்ணத் தெரிஞ்ச கை வேணும்.

வாங்கப்போறீங்களா? இந்த ஒரு நிமிஷம் முக்கியம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பாக்கப் போறீங்க. சிவப்பு பெயின்ட், தோல் சீட், இன்ஜின் சத்தம். மனசு ஏற்கெனவே கையெழுத்து போட்டுடுச்சு. அந்த நேரத்துல ஒரே ஒரு வேலை செய்யுங்க. சாவியை ஆன் வரைக்கும் திருப்பி நிறுத்துங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க. டாஷ்போர்டுல ஏபிஎஸ் விளக்கு எரியுதா?

எரியலன்னா அது நல்ல செய்தி இல்ல. யாரோ பல்ப்பைக் கழட்டியிருக்கலாம், இல்லன்னா கறுப்பு டேப் ஒட்டியிருக்கலாம். எரியுதுன்னா, ஸ்டார்ட் பண்ணி எப்போ அணையுதுன்னு பாருங்க. இன்ஜின் ஆயில் விளக்கு அணையற அதே கணத்துல அச்சு அசலா இதுவும் அணைஞ்சா சந்தேகப்படுங்க. ஏபிஎஸ் பல்ப் வயரை ஆயில் விளக்கோட சேர்த்துக் கட்டி, வேலை செய்ற மாதிரி காட்டுற தந்திரம் ரொம்ப நாளா இருக்கு. அது சரியா இருந்தா, ஆள் இல்லாத பாதுகாப்பான இடத்துல, விக்கிறவரோட சம்மதத்தோட, ஈரத்தரையில மெதுவான வேகத்துல ஒருதடவை பலமா மிதிச்சுப் பாருங்க. பெடல் துடிக்கணும். அந்த முரட்டுச் சத்தத்தைத்தான் நீங்க காசு கொடுத்து வாங்குறீங்க.

"பேசாம ஏபிஎஸ்ஸையே கழட்டிட்டா?"

ரேஸ் டிராக் ஓட்டுறவங்க மத்தியில இந்தப் பேச்சு எப்பவும் உண்டு. எடை குறையும், பெடல்ல நேரடி உணர்வு கிடைக்கும், விளக்குத் தொல்லை இல்ல. டிராக்குக்குன்னே ஒதுக்கின கார், பயிற்சி எடுத்த ஓட்டுநர்னா அவங்க வாதத்துல நியாயம் இருக்கு.

ஆனா பலர் செய்றது என்ன? பைப்பை நேரா இணைச்சு, பியூஸைப் பிடுங்கிட்டு, ரோட்டுல ஓட்டுறது. ஏபிஎஸ் இருக்குங்கிற நம்பிக்கையிலயே அந்த காரோட முன் பின் பிரேக் பலத்தை நிறுவனம் வடிவமைச்சிருக்கலாம். அதைக் கழட்டினா அழுத்தத்தைச் சரியா பிரிக்கிற வால்வையும் பாத்து அமைக்கணும். இல்லன்னா பின் சக்கரம் முதல்ல லாக் ஆகும். அதைவிடப் பெரிய பிரச்சனை, அந்த கார் உங்க கையோடயே இருக்கப்போறதில்ல. நாளைக்கு உங்க தம்பி ஓட்டுவான், இல்லன்னா இன்னொருத்தருக்கு விப்பீங்க. அவங்க ஏபிஎஸ் இருக்குன்னு நம்பி மழையில முழுசா மிதிப்பாங்க. பல்ப்பைக் கழட்டினவர் அந்த இடத்துல இருக்க மாட்டார்.

அதனாலதான் சொல்றேன், விளக்கை அணைக்கிறதும் கோளாறைச் சரிபண்றதும் வேற வேற வேலை. சரிபண்ண இப்போ காசு இல்லன்னா விளக்கு எரியட்டும். உண்மையைச் சொல்லிக்கிட்டு எரியற விளக்கு, பொய் சொல்லி அணைஞ்சிருக்கிற விளக்கைவிட ஆயிரம் மடங்கு பாதுகாப்பு.

கடைசியா, ஞாபகத்துல வெச்சுக்க நாலே விஷயம். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை, இல்லன்னா உங்க கார் புத்தகம் சொல்ற கெடுவுல, பிரேக் ஆயிலை மாத்துங்க. ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள இருக்கிறதையும் சேர்த்து மாத்தச் சொல்லுங்க. மாசம் ஒருதடவை ரேடியோவை அணைச்சுட்டு ஓட்டி, பம்ப்போட தாளம் மாறியிருக்கான்னு கேளுங்க. சாவி போடும்போது விளக்கு வந்து போறதைப் பாக்கிற பழக்கத்தை வெச்சுக்கோங்க. அவசர பிரேக்ல பெடல் துடிச்சா, காலை எடுக்காதீங்க.

உங்க வண்டியில கேட்ட விநோதமான சத்தம் ஏதாவது இருந்தா, எப்போ வருது, எந்த வேகத்துல வருதுன்னு ரெண்டு விவரத்தோட எழுதி அனுப்புங்க. "ஒரு மாதிரி சத்தம் வருது"ன்னு மட்டும் அனுப்பினா எந்த மெக்கானிக்காலயும் ஒண்ணும் பண்ண முடியாது! அடுத்த எபிசோட்ல சந்திப்போம். பாத்துப் போங்க.